ஒட்டு மூக்கு

ஒட்டு மூக்கைக் கழற்றத் தேங்காய் எண்ணெயை விட நல்ல பொருள் கிடையாது. நாடகக் கம்பெனியில் கொடுக்கும் திரவம் எரியும். இரண்டு வாரம் தொடர்ந்து போட்டால் மூக்கின் ஓரம் உரிந்துவிடும். எண்ணெயை ஒரு விரலில் தொட்டு, ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே விட்டுக்கொண்டே போனால் ரப்பர் மூக்கு கையோடு வந்துவிடும். அவசரப்படக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மகேந்திரராஜா அண்ணன். அவர் இறந்த விதத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாததால் மூக்கிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் ஈஸ்வரமூர்த்தி. திருச்சிக்காரன். 1974-ல் படம் வரையும் வேலைக்காகச் சிட்னிக்கு வந்தேன். பகலில் அலுவலகம். மாலையில் அறைக்குப் போனால் பேச ஆளில்லை என்பதால் ஒரு மாலை வகுப்பில் சேர நினைத்தேன். தச்சு வேலை வகுப்பு நிரம்பிவிட்டது. பாட்டு வகுப்பில் இடம் இருந்தது. ஆசிரியை என் குரலைக் கேட்டுவிட்டுப் பாரிடோன் என்றார். உச்சிக்கும் போகாமல் அடிக்கும் போகாமல் நடுவில் நிற்கும் ஆண் குரலுக்கு அந்தப் பெயர். நான் எல்லாவற்றிலும் நடுவில் நிற்கிறவன் என்பதால் ஆச்சரியப்படவில்லை. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் என்ன தப்பு செய்தேன் என்று எழுதிவைப்பேன். சரியாகச் செய்ததை எழுத ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த ஆசிரியைதான் என்னை ஒரு சிறிய ஓப்பரா கம்பெனியின் கூட்டுப் பாடகர் வரிசையில் சேர்த்துவிட்டார். என் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. முதல் ஒத்திகையிலேயே ‘ஈஸி’ ஆகிவிட்டேன். அன்று பின்னாலிருந்து ஒரு குரல் தமிழில் கேட்டது.

“ஈஸியோ? பாக்க அப்பிடித் தெரியேல்லையே. எந்த ஊர், தம்பி?”

அதுதான் அவர். யாழ்ப்பாணத்தில் பள்ளித் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். ஐம்பதுகளில் கணக்கியல் படிக்க இங்கே வந்து, கணக்கை விட்டுப் பாட்டைப் பிடித்துக்கொண்டவர். நான் பார்த்தபோது ஐம்பதை நெருங்கியிருந்தார். விளம்பரத் தாளில் ‘எம். ராஜா’ என்று போடுவார்கள். மேடையில் அவர் ஒருமுறையும் ராஜாவாக நடித்ததில்லை. ஓப்பராவில் காதலிக்கிறவனுக்கு உச்சக் குரல், அரசனுக்கும் சாமியாருக்கும் அடிக்குரல். நடுக்குரல்காரர்களில் உயரமும் அழகும் உள்ளவர்கள் வில்லனாவார்கள். மற்றவர்களுக்குக் குடிகாரச் சிறைக்காவலன், போலி வைத்தியன், திக்கிப் பேசும் வக்கீல், கருமிக் கிழவன். அண்ணன் இருபது வருடமாக இவற்றைத்தான் செய்துகொண்டிருந்தார். அவர் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினாலே சனம் சிரிக்கும்.

ஒருமுறை கேட்டேன், “ஏண்ணே, வேற வேஷம் கேக்கக் கூடாதா?”

“இந்த முகத்துக்கு ஆர் காதல் பாட்டுத் தருவினம்?” என்றார். “வெள்ளைப் பூச்சும் மூக்கும் இருந்தாத்தான் எங்களுக்குப் பிழைப்பு. மூக்கு ஒட்டினாப் பிறகு என்ர அம்மா வந்து பாத்தாலும், மகனைக் காணேல்லை எண்டு டிக்கட் காசைத் திருப்பிக் கேப்பா.”

அதைச் சொல்லி அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கு அது வலித்திருக்கும் என்று பின்னால் பலர் சொன்னார்கள். எனக்கு அப்போது பட்டது வேறு. அந்த வேஷங்களாவது அவருக்கு இருக்கின்றனவே என்று பட்டது.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒப்பனை தொடங்கிவிட்டால் நாடகம் முடியும்வரை ஆங்கிலம் பேசமாட்டார். ஆங்கிலம் தாடையை இறுக்கும், தமிழ் நாக்கை இளக்கும் என்பார். இத்தாலிய மொழியில் எழுத்து இரட்டிக்கும் இடங்களில் வெள்ளைக்காரப் பாடகர்கள் தடுக்கி விழுவார்கள். இவர் கண்ணாடி முன் உட்கார்ந்து “பல்லு, கல்லு, அப்பம், அக்கா, கத்தரிக்காய்” என்று வாயைப் பழக்கிக்கொண்டு போய்ப் பொரிந்து தள்ளுவார். நான் வருவதற்கு முன் கையைக் காட்டிச் சமாளித்தாராம். நான் வந்தபின் எல்லாம் என் வழியாகப் போயிற்று. உடை மாட்டிவிடும் மொரீன், இடுப்புப் பட்டை இறுக்கமா என்று என்னைக் கேட்பாள். ஸ்டேஜ் மேனேஜர் பிரெண்டா, தயாரா என்று என்னைக் கேட்பாள். நான் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சொல்வேன். மொழிபெயர்ப்பில் என்மீது ஒரு குறையும் வந்ததில்லை.

முதல் குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து ஆஷ்ஃபீல்டில் என் அறையில் சுருண்டு கிடந்தேன். ஒத்திகைக்கு வரவில்லை என்றதும் அண்ணன் ஒரு பிளாஸ்கில் மல்லித் தண்ணியோடு வந்து நின்றார். அவர் மனைவி சிவனேஸ்வரி அக்கா அப்போது தங்கை கல்யாணத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தார். மல்லித் தண்ணியை இவரே போட்டிருந்தார். கொஞ்சம் கருகல் வாடை.

“என்ன தம்பி, வருத்தமோ?”

“வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்லைண்ணே. காய்ச்சல்தான்.”

“காய்ச்சல் எண்டா அதுதானே வருத்தம்.”

“இல்லைண்ணே. இதுக்குப் போய் எதுக்கு வருத்தப்படணும்?”

அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். “பொறும். உங்கட ஊரில வருத்தம் எண்டா கவலையோ?”

“ஆமா.”

“அப்ப நோய்க்கு என்ன சொல்லுவியள்?”

“உடம்பு சரியில்லைன்னு சொல்லுவோம்.”

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “நல்ல காலம், நீர் டாக்குத்தருக்குப் படிக்கேல்லை. யாழ்ப்பாணத்து ஆள் ஒருத்தன் வருத்தம் எண்டு வந்து நிண்டா, கவலைப்படாதேயும் எண்டு முதுகில தட்டி அனுப்பியிருப்பீர்.”

அன்றிலிருந்து நான் முகத்தைத் தொங்கப்போட்டால் கேட்பார்: “இது உங்கட வருத்தமோ, எங்கட வருத்தமோ?” அது ஒப்பனை அறைக்குள் எங்கள் இருவருக்கும் மட்டுமான கேலி.

அடுத்த வருடம் என்னை அவருக்குக் கவர் ஆக்கினார்கள். ஒருவருக்கு முடியாமல் போனால் அவர் வேஷத்தைச் செய்யத் தயாராக இருப்பவனுக்குக் கவர் என்று பெயர். எல்லாப் பாட்டையும் கற்க வேண்டும். எல்லா அசைவையும் கற்க வேண்டும். ஒவ்வொரு இரவும் அவருடைய கடைசிப் பாட்டு முடியும்வரை கட்டடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. நான் முறையாகக் கற்றேன். பக்கத்திரைக்குப் பின்னால் நின்று, சனம் எங்கே சிரிக்கிறது, அதற்கு முன் அவர் எந்தக் காலை எடுத்து வைக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்றெல்லாம் பார்த்து அறையில் கண்ணாடி முன் செய்வேன். அவர் செய்வதற்கும் நான் செய்வதற்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியாது. ஆனால் வித்தியாசம் இருப்பது தெரியும்.

எனக்கு ஒரே ஒரு வாய்ப்பு வந்தது. அண்ணனுக்குத் தொண்டை கட்டிய ஒரு மதியக் காட்சியில் கருமிக் கிழவனை நான் செய்தேன். ஒரு சுரம் பிசகவில்லை. ஒரு இடத்திலும் சிரிப்பு வரவில்லை. இடைவேளையில் பிரெண்டா வந்து, “ரொம்பச் சுத்தமாகச் செய்தாய், ஈஸி,” என்றாள். சுத்தம் என்பது தட்டு கழுவுகிறவனுக்குச் சொல்லும் வார்த்தை. இரவுக் காட்சிக்கு அண்ணன் திரும்பி வந்துவிட்டார். அவர் தொப்பியைக் கழற்றியபோது வந்த சிரிப்பைப் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“நீர் சனத்தைப் பாத்துப் பயப்பிடுறீர்,” என்றார் அவர். “அவை சிரிக்கவேணும் எண்டு கெஞ்சிறீர். கெஞ்சினாச் சிரிக்காயினம். ஆறுதலா, மெல்ல மெல்ல வரும். நான் ஓய்ஞ்சாப் பிறகு எல்லாம் உமக்குத்தானே.”

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஓய்கிற ஆள் மாதிரி அவர் தெரியவில்லை. அதன்பின் ஒரு காட்சிக்கும் அவர் வராமல் இருந்ததில்லை. மழையில் வந்தார், பல்வலியோடு வந்தார். அடுத்த வருடச் சிட்னி சீசனுக்கும் அவர் பெயரையே போட்டார்கள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு அறைக்குப் போவேன். யாருக்கும் தேவைப்படாத ஒரு முழு நாடகம் என் வாய்க்குள் இருந்தது. ரயிலில் அதை முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறிடம் போவார்கள்.

1977 ஜூலையில் மெல்போர்னுக்குப் போனோம். பழைய தியேட்டர், நல்ல குளிர். கருமிக் கிழவன்தான் நாடகம். தன் பராமரிப்பில் இருக்கும் இளம்பெண்ணைத் தானே கட்டிக்கொள்ளப் பார்க்கும் கிழவன். இரண்டாம் அங்கத்தின் முடிவில், தான் கையெழுத்துப் போட்டது அவளுக்கும் அவள் காதலனுக்குமான கல்யாணப் பத்திரம் என்று தெரிந்ததும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் விழுவான்.

முதல் இடைவேளையில் அண்ணன் ஒப்பனை அறையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் வெள்ளைப் பூச்சு இருந்ததால் வெளிறியிருந்தாரா என்று சொல்ல முடியாது. கை நெஞ்சில் இருந்தது. அந்தக் கை அந்த வேஷத்தில் பாதி நேரம் நெஞ்சில்தான் இருக்கும். மொரீன் அவர் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரெண்டா கதவில் தலையை நீட்டி, அவருக்கு என்ன என்று என்னைக் கேட்டாள்.

அண்ணன் என்னைப் பார்த்து, “எனக்கு வருத்தம், தம்பி. சொல்லும்,” என்றார்.

நான் கதவருகே போய், இடைவேளை இரைச்சலில் பிரெண்டாவின் காதோரம், “அவர் மனம் சரியில்லையாம்,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, “சில நாள் இப்படித்தான் இருப்பார். பாட்டு தொடங்கினால் சரியாகிவிடுவார்,” என்றும் சொன்னேன். முதல் வாக்கியம் மொழிபெயர்ப்பு. இரண்டாவது நான் சேர்த்தது. சேர்த்ததை மறைக்கவில்லை.

பிரெண்டா உள்ளே வந்து அவர் தோளைத் தட்டி, “ஐயோ பாவம்,” என்றாள். காமெடிக்காரர்கள் எல்லோரும் உள்ளுக்குள் சோகமானவர்கள் என்று அவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது, அப்படியும் பாடச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பார். எழுந்து போனார். அவர் அப்படிப்பட்ட ஆள்.

இரண்டாம் அங்கத்தின் முடிவில் பத்திரத்தைப் பார்த்தார், நெஞ்சைப் பிடித்தார். வழக்கமாக ஒரு கீச்சுக் குரல் எழுப்பிவிட்டு நாற்காலியில் விழுவார். அன்று குரல் எழவில்லை. வாய் திறந்து மூடியது, மறுபடி திறந்தது. இடது கை நாற்காலியைத் தேடி, அதற்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. பிறகு தரையில் உட்கார்ந்தார், சாய்ந்தார். அவருடைய இருபது வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பு எழுந்ததில்லை. வாத்தியக் குழுவின் சத்தத்தை அது விழுங்கிவிட்டது. திரை விழுந்தபிறகும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று முழுவதையும் பார்த்தேன். என் வழக்கப்படி.

பார்வையாளர்களில் ஒரு டாக்டர் இருந்தார். மேலே ஓடிவந்து, முகத்தில் ஒட்டியிருப்பதை எடுக்கச் சொன்னார். நான் மண்டியிட்டு எண்ணெய் தொட்டு எடுத்தேன். சீக்கிரம் என்றார். அவசரப்பட்டால் தோல் உரியும் என்பதால் எப்போதும் போலத்தான் எடுத்தேன். அவருக்கு அப்போதும் மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அது எங்களுக்குத் தெரிந்தது நாடகம் முடிந்த பிறகுதான். மூன்றாம் அங்கத்தை நான் செய்தேன். வேறு மூக்கு தயாராக இல்லை. அதையே எண்ணெய் போகத் துடைத்து ஒட்டிக்கொண்டேன். உட்புறம் இன்னும் சூடாக இருந்தது.

விசாரணை நடந்தது. அவர் ஏதோ ஒரு சொல்லை இரண்டு தடவை சொன்னார் என்று மொரீன் சாட்சி சொன்னாள். ‘வரத்தம்’ என்று அவள் வாயில் அது வந்தது. சிவனேஸ்வரி அக்கா எழுந்து, எங்கள் ஊரில் அது நோய், இவருடைய ஊரில் கவலை, இவரைக் குற்றம் சொல்ல முடியாது என்றார். விசாரித்தவர் இன்னொரு நியாயமும் சொன்னார். மகேந்திரராஜா நோயாளி என்று இவர் சொல்லியிருந்தால் அன்றிரவு இவரே மேடை ஏறியிருப்பார்; மறைத்து இவருக்கு என்ன லாபம்? எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “உமக்கு அந்தச் சொல் தெரியாதுதானே, தம்பி?”

“தெரியாதுக்கா,” என்றேன்.

“ஓம். தெரிஞ்சா நீர் சொல்லியிருப்பீர்.”

மல்லித் தண்ணிக் கதையை அண்ணன் அவரிடம் சொல்லியிருப்பாரோ என்று விசாரணை முழுவதும் பயந்துகொண்டிருந்தேன். சொல்லவில்லை. என்னைக் கேலிப்பொருளாக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

அவருடைய வேஷங்கள் எல்லாம் எனக்கு வந்தன. சிட்னியில் இந்த வருடம் கருமிக் கிழவனை நான் செய்கிறேன். முதல் வாரம் மதியக் காட்சி போலத்தான் போயிற்று, சுத்தமாக. அதன்பின் ஒரு மாற்றம் செய்தேன். கீச்சுக் குரலை விட்டேன். வாயைத் திறந்து மூடினேன். நாற்காலிக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். சிரித்தார்கள். என் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்காகச் சிரித்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை சிவனேஸ்வரி அக்கா நாடகம் பார்க்க வந்தார். முடிந்ததும் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயோடு ஒப்பனை அறைக்கு வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நான் வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூக்கு இன்னும் முகத்தில் இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உமக்கு வருத்தம் ஒண்டும் இல்லையே, தம்பி?”

“இல்லைக்கா,” என்றேன். “போன மாசம்தான் டாக்டர்கிட்ட காட்டினேன். நெஞ்சுல ஒண்ணும் இல்லைன்னார். அண்ணனும் இப்படித்தான் கேப்பார், ‘உங்கட வருத்தமோ, எங்கட வருத்தமோ’ன்னு.”

சொல்லி முடித்தபின்தான் என் காதிலேயே அது விழுந்தது. அக்கா போத்தலின் மூடியைத் திருகித் திருகி இறுக்கினார்.

“அப்ப தெரியும்,” என்றார்.

அவர் போத்தலை என் முன்னால் வைத்தார். யாழ்ப்பாணத்தார் விடைபெறும்போது, போய்விட்டு வருகிறேன் என்பதை ‘போட்டு வாறன்’ என்பார்கள். அண்ணன் கழிவறைக்குப் போனாலும் அப்படித்தான் சொல்வார். அக்கா “நான் போறன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் என் முகத்தைப் பார்த்து அக்கறையாகக் கேட்டாரா, மேடையில் அந்தக் கையைப் பார்த்தபின் வேண்டுமென்றே கேட்டாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. எப்படியானாலும் அது நியாயமான கேள்வியாக எனக்குப் படவில்லை. களைத்துப்போயிருக்கும் ஒருவனிடம் அப்படி ஒரு சொல்லைக் கேட்கக் கூடாது.

அவர் யாரிடமாவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது முறை. விசாரித்தவர் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஒரு இரவு எனக்குக் கிடைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு இரவு என்றால் என்ன என்று எனக்கு முன்பே தெரியும். மறுநாள் அவர் திரும்பி வந்துவிடுவார். மொரீன் சொன்னதும் உண்மை. அந்தச் சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை சொன்னதும் நான் பதில் சொல்லாமல் நின்றேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, அந்த வலியிலும் சிரிக்கப் பார்த்தபடி அவர் விளக்கமாகச் சொன்னார்.

“எங்கட வருத்தம், தம்பி.”

அதற்குப் பிறகுதான் நான் பிரெண்டா பக்கம் திரும்பி மொழிபெயர்த்தேன்.

அக்கா வந்துபோன மறுநாள் சனிக்கிழமை, இரண்டு காட்சி. இரண்டிலும் அந்த இடத்தில் சிரித்தார்கள். அது நான் உழைத்துச் சேர்த்த சிரிப்பு.